ஊதாப் பூ பூத்த ஏழு செடிகள்

என் கடைசித் தங்கைக்குப் பிள்ளைகள் இரண்டு. இரண்டு பேருக்கும் ஒரே சோயா ஆராய்ச்சிப் பண்ணையில்தான் வேலை. மூத்தவன் மேஸ்திரி. இளையவள் கையில் எந்நேரமும் இடுக்கி இருப்பதால் அவளுக்கு இடுக்கி என்றே பேர் விழுந்துவிட்டது. அவள் மாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

சோயா மொட்டு அரிசி அளவுதான் இருக்கும். விரியும் முன்பே உள்ளுக்குள் தன் மகரந்தத்தாலேயே கருத்தரித்துவிடும். அதனால் விடிந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மொட்டைப் பிரித்து, ஆண் பாகத்தைப் பிடுங்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். நூறு தடவினால் பத்து நின்றால் பெரிசு.

போன பருவம் முழுக்க வெள்ளைப் பூச்செடியில் ஊதாப் பூச்செடியின் மகரந்தத்தைத் தடவினாள். பூச்சி தாங்கும் ரகம் அதிலிருந்து வரும் என்று விஞ்ஞானி சொல்லியிருந்தார். முப்பத்தெட்டு விதை தேறியது. இந்தப் பருவம் அதை வெள்ளைச் செடிகளுக்குப் பக்கத்து வரிசையில் விதைத்தாள். தடவிய மகரந்தம் சேர்ந்தது ஊதாவாகப் பூக்கும். சேராதது தாயைப் போல வெள்ளைதான். ஏழு செடி ஊதாவாகப் பூத்தது.

அந்த நேரம் பார்த்து மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு நாள் லீவு. திரும்பி வந்தால் வரிசையில் ஒரு ஊதாவும் இல்லை.

“அண்ணா, இங்க ஏழு செடி நின்னுச்சே?”

“கலப்புச் செடிதானே, புடுங்கியாச்சு. வெள்ளைக்குள்ள ஊதா நின்னா பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க?”

இருபது வருடமாக, ரகம் மாறி முளைக்கும் கலப்புச் செடியைப் பிடுங்கியே நல்ல பேர் வாங்கியவன். பாராட்டுவாள் என்று நின்றான்.

“வரிசை முனையில அட்டை எழுதி நட்டு வச்சிருந்தேனே.”

“தாய்ச்செடி பேர்தானே போட்டிருந்துச்சு.”

“அதுக்குக் கீழ அப்பன்செடி பேரும் ஒரு வரி இருந்துச்சு. எங்க மாமியார் கண்ணைக் கட்டிக்கிட்டே படிச்சிருப்பாங்க.”

குப்பைக்குழியில் கிடந்ததை அள்ளி வந்து வாளித் தண்ணீரில் வைத்தாள். ஒன்றும் நிமிரவில்லை. விஞ்ஞானி, “போகட்டும்மா, ஒரு வருஷம்தானே” என்றார். அங்கே வாயை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வந்து எங்களிடம் கொட்டினாள்: “குனிஞ்சது அவர் முதுகா, பெரியம்மா?”

தாய்ச்செடிகளில் இன்னும் மொட்டு இருந்தது. மறுநாள் விடிந்ததும் அண்ணனை அங்கே உட்காரவைத்து இடுக்கியை நீட்டினாள்.

“என் விரல் தடிச்ச விரல் தாயி, இதுக்கு ஆகாது.”

“புடுங்க மட்டும் ஆச்சா?”

இருபது மொட்டு தடவினான். மூன்றாம் நாள் இருபதும் உதிர்ந்துகிடந்தன. அவனுக்கு முதுகு நிமிரவில்லை.

“நாளைக்கும் வா” என்றாள்.