பதில் வராத பேச்சு

பல்லக்காவுக்கு ஊர்ப்பாஷை தண்ணீர்பட்ட பாடு என்பதில் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பல்லக்காவுக்கே இருந்ததில்லை. பிழைக்க வந்த ஊர். வீட்டுக்குள் தாய்மொழி, வாசற்படி தாண்டினால் ஊர்ப்பாஷை. கூட வந்தவர்கள் எல்லாம் கடையில் கையைக் காட்டி, விரலை மடக்கிக் காலம் தள்ளிக்கொண்டிருக்க, இவள் மட்டும் பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பக்கத்தில் நின்று உள்ளூர்க்காரர்களையே அதட்டிக்கொண்டிருந்தாள். “வாயை நல்லாத் திறங்க.” “நாக்கை ஆட்டாதீங்க.” “பயப்படாதீங்க, வலிக்காது.” “இப்போ துப்பிடுங்க.” உச்சரிப்பு அப்பழுக்கில்லாதது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த மண்ணில் பிறந்தவள் என்று சத்தியமே செய்யலாம். நாற்காலியில் கிடந்தவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்கள்.

இந்த வாக்கியங்களை டாக்டரம்மாதான் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தார். அவரும் இவள் பாஷைக்காரர், ஆகவே இருவருக்குள்ளும் பேச்சு தாய்மொழியில் ஓடியது. நோயாளியின் வாயிலோ பஞ்சு, உறிஞ்சு குழாய், டாக்டரம்மாவின் விரல்கள். பதில் என்று வந்ததெல்லாம் “ஆ” ஒன்றுதான். இப்படிப் பல வருஷம் ஊர்ப்பாஷையில் பேசிய பல்லக்கா, அந்தப் பாஷையில் ஒரு முழுப் பதிலைக் காதால் கேட்டதில்லை. இதை யாரும் கவனிக்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவளுக்குக் கேட்கத் தெரியாமலா இருக்கும் என்று உலகம் நம்பியது. மேடைப் பேச்சாளர்களைப் பார்த்தும் உலகம் திருந்தவில்லை.

கெட்ட காலம் குதிகால் வழியாக வந்தது. நாள் முழுக்க நின்று நின்று, காலையில் தரையில் கால் வைத்தால் ஆணி குத்துகிற மாதிரி வலி. அந்த நேரம் பார்த்து, முன்னறை மேசையில் இருந்த பெண் புருஷனுக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போனாள். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலி ஒன்று உண்டு. மெத்தை வைத்தது. அதன்மேல் பல்லக்கா வைத்த கண்ணைச் சிம்மாசனத்தின்மேல் எந்த இளவரசனும் வைத்திருக்க மாட்டான். டாக்டரம்மாவிடம் கேட்டாள். தாராளமாக உட்காரு, பாஷைதான் உனக்குப் பிரச்சினையே இல்லையே என்றார் அந்தப் புண்ணியவதி.

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தவர் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று கேட்டார். பல்லக்கா பேந்தப் பேந்த விழித்தாள். அவர் வாயில் பஞ்சு இல்லை. அது பேசியது. பேசிவிட்டுப் பதிலுக்கு வேறு காத்திருந்தது. இவள் நாக்கு தனக்குத் தெரிந்த பாதையில் ஓடியது. “பயப்படாதீங்க, வலிக்காது” என்றாள். அடுத்து ஒரு அம்மாள், தன் வீட்டுக்காரர் வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தாள். “இப்போ துப்பிடுங்க” என்று கனிவாகச் சொன்னாள் பல்லக்கா. அந்த அம்மாள் அரண்டுபோய்க் கைக்குட்டையைத் தேடினாள்.

டெலிபோன் இன்னும் மோசம். அதில் முகம்கூடக் கிடையாது. எதைக் கேட்டாலும் “சரிங்க” என்று வைத்தாள். விளைவு, மறுநாள் பத்து மணிக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள். மூவருக்கும் பத்து மணிதான் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவருக்குக் கன்னம் பூசணிக்காய். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு, சனிக்கிழமை வரை பார்ப்பதாகவும், சரிப்படாவிட்டால் மேசைக்கு வெளி ஆளை எடுத்துக்கொண்டு இவளைப் பழையபடி உள்ளே அழைத்துக்கொள்வதாகவும் சொன்னார். உள்ளே என்றால் நிற்பது.

சாயங்காலம் பல்லக்கா நாத்தனார் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போனாள். நாத்தனார் பெரியவர்களுக்கு இரண்டாம் மொழி கற்பிக்கும் ஆசிரியை. அதற்கென்றே தனிப் படிப்பு படித்தவள். ஆளைப் பிடித்து உட்காரவைத்து, பிளாஸ்டிக் தக்காளியைக் கையில் கொடுத்து விலை பேசச் சொல்லுகிற ரகம். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தீர்ப்புச் சொன்னாள்.

“அண்ணி, பாஷைன்னா கொடுக்கல் வாங்கல். நீங்க இத்தனை நாளா கொடுத்துக்கிட்டே இருந்துட்டீங்க, வாங்கவே இல்ல.”

“தானம் பண்ணினா புண்ணியம்தானே?”

“புண்ணியம் வரும். பாஷை வராது.”

பயிற்சிக்கு, கூட வந்திருந்த அண்ணனையே நோயாளியாக நடிக்கச் சொன்னாள் நாத்தனார். பல்லக்காவின் கணவர் தாய்மொழியிலேயே வேளைக்கு ஒரு வார்த்தை செலவழிக்கிற சிக்கனக்காரர். நோயாளி என்றதும் சோபாவில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டார். அத்துடன் அந்தக் கல்விமுறை கைவிடப்பட்டது.

கடைசியாக நாத்தனார் சொன்னது ஒன்றுதான். புரியாதபோது தலையாட்டக் கூடாது. புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புரிந்த மட்டும் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும், தப்பாக இருந்தாலும். அதற்கு வேண்டிய நாலு வாக்கியத்தையும் ஊர்ப்பாஷையில் சொல்லிக்கொடுத்தாள். பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஊரையே வாய் திறக்கவைத்தவள், இப்போது போய்ப் புரியவில்லை என்பதா? மானம் ஒரு பக்கம், குதிகால் ஒரு பக்கம் இழுக்க, ராத்திரி முழுக்கப் புரண்டாள். விடிந்து கட்டிலை விட்டு இறங்கினாள். குதிகால் ஜெயித்தது.

அன்றைக்கு வந்தவர் பொக்கைவாய்ப் பெரியவர் ஒருவர். மேசையில் முழங்கையை ஊன்றி நீளமாக என்னவோ சொன்னார். பல்லக்காவின் தலை பழக்கதோஷத்தில் ஆடத் தொடங்கியது. அதை நிறுத்தி, “எனக்குப் புரியலைங்க. மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

பெரியவர் முகத்தில் விளக்கேற்றியது போலிருந்தது. வீட்டில் அவரை ஒரு தடவையே யாரும் சொல்ல விடுவதில்லை. நிதானமாக மறுபடி தொடங்கினார். அதில் நாய் என்பதும் பல் என்பதும் பல்லக்காவுக்குப் பிடிபட்டன. மிச்சத்தைத் தானே ஒப்பேற்றிக்கொண்டாள்.

“நாய்க்குப் பல்வலியா? நாங்க மனுஷங்களுக்கு மட்டும்தான் பார்க்கறோங்க.”

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பல்லக்காவுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் பெரியவர் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்துவிட்டு, வாயிலிருந்து எதையோ கழற்றுவது போலவும், கிண்ணத்தில் போடுவது போலவும், நாலு காலில் எதுவோ ஓடுவது போலவும் நடித்தார். மறுபடி வந்திருந்த கன்னம் வீங்கியவர்கூட வலியை மறந்து நாயாக உதவினார். ஒரு அம்மாள் வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுத்தாள்.

“ராத்திரி கழற்றி வெச்ச பல்செட்டை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு. புதுசு வேணும்” என்றாள் பல்லக்கா.

கூடம் மொத்தமும் ஆமாம் போட்டது. பல்லக்காவுக்கு அந்தப் பாஷையில் கிடைத்த முதல் வரவு அது.

அதன்பிறகு அவள் கூச்சம் போய்விட்டது. போனில்கூட, வியாழனா, பதினொன்றா, மறுபடி சொல்லுங்க என்று கறாராகக் கேட்டாள். தப்பாகச் சொன்னாள், திருத்திக்கொண்டாள், அந்தத் திருத்தத்திலும் ஒரு தப்பு செய்தாள். ஒரே மணிக்கு இரண்டு பேர் வருவது நின்றது. ஆனால் பக்கவிளைவு ஒன்று முளைத்தது. பொறுமையாகக் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறாள் என்ற சேதி பரவி, வைத்தியம் முடிந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் மேசையைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள்.

சனிக்கிழமை டாக்டரம்மா கையுறை மாட்டிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளறை வாசலில் வந்து நின்றார். அடுத்தவரை அனுப்பச் சொல்லி மூன்று தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டாராம். மேசையருகே அந்த அடுத்தவர், ஒரு தபால்காரர், கடைவாய்ப் பல்லில் தொடங்கி மைத்துனனின் துரோகம் வரை வந்திருந்தார். பல்லக்கா சுழல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வெளி ஆளு வேண்டாம்னு சொல்லிட்டேன். உள்ளே நிக்கறதுக்குத்தான் ஒருத்தரைத் தேடணும்” என்றார் டாக்டரம்மா. “இப்போ அவரை அனுப்பறியா?”

பல்லக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.

“கொஞ்சம் இருங்க டாக்டர். இப்போதான் மைத்துனன் பொண்டாட்டி வர்றா.”