கேட்காத பாட்டுக்கு ஓர் ஆய்வுரை

என் நண்பன் சிவா அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் கித்தாரோடு பாடிய சோகமான தமிழ்க் 'கன்ட்ரி' இசைத்தொகுப்பு லண்டன் மோர்டனில் வெளியானபோது, ஆய்வுரை அடியேன். நம்மவர் வழக்கப்படி ஒரு பாட்டையும் கேட்காமலே மேடையேறி, "கற்பனையின் உச்சம்!" என்று முழங்கிவிட்டு இறங்கினேன்.

பிறகு முதல் பாட்டு ஒலித்தது. மனைவி விட்டுப்போன பின்பும் இரண்டு பேருக்குச் சமைக்கிற ஒருவனின் கதை.

அது என் கதை. ஊராரிடம், என் மனைவி தன் தமக்கையோடு கனடாவில் நிற்கிறாள் என்று சொல்லியிருந்தேன். அவள் விட்டுப்போன உண்மையை முன்பொருநாள் சிவாவிடம் மட்டும் அழுது சொன்னேன்.

மண்டபமே கண் துடைத்தது. பக்கத்திலிருந்த அக்கா, "ஆரோ பாவப்பட்ட மனுசன், தம்பி" என்றார்.

சிவா என் காதருகே குனிந்தான். "அண்ணை, பாட்டில உங்கட பேர் போடேல்லைத்தானே?"

கத்தினால் கனடாக் கதை கலைந்துவிடும். ஆகவே பலமாகக் கைதட்டினேன். எனக்காக அத்தனை பேர் அழுதது அன்றுதான்; கை கொடுத்துக் கட்டிப்பிடித்ததெல்லாம் அவனை.