மெதுவாகப் பேசினால் ஏறும் பிரஷர்

என் கணவருக்குப் பிரஷர் ஏறியதற்கு உப்பு காரணமில்லை, ஊறுகாயும் காரணமில்லை. நாங்கள் அவரிடம் நல்லபடியாகப் பேச ஆரம்பித்ததுதான் காரணம். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மட்டாஞ்சேரி பஜாரில் எங்களுக்குச் சுக்கு, மிளகு வியாபாரம். கடைக்குப் பின்னாலேயே வீடு. லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகின தொண்டை, வீட்டுக்குள் வந்தாலும் இறங்காது. தண்ணீர் கேட்பதே சண்டை மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி குடிவந்த புதிதில் எங்களைச் சமாதானம் செய்ய ஓடி வந்திருக்கிறாள். கொஞ்சம் தமிழ் புரிந்ததும் வருவதை விட்டுவிட்டாள். எங்கள் குடும்பத்தில் யாராவது தணிந்த குரலில், "இப்படிக் கொஞ்சம் உட்காருங்க" என்றால், யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று அர்த்தம். துக்கச் செய்திக்கு மட்டும்தான் அந்தக் குரலை எடுப்போம்.

மழை தொடங்கின சமயம், அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டி, கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறது என்றார். மாத்திரை, தினமும் நடை, உப்பைக் குறை. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் டென்ஷன் கூடாது, மெதுவாகப் பேசுங்கள், இது இறங்காவிட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார்.

அந்த வாரம் பார்த்துத்தானா அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் குடோன் ஓடு சரிய வேண்டும்? மழை நேராகச் சுக்கு மூட்டைகள்மேல் கொட்டியது. நானும் மகனும் பேசிவைத்துக்கொண்டோம், அத்தாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று.

"கடை எப்படிப் போகுது?" என்று அவர் வீட்டில் இருந்தபடி கேட்பார்.

"நல்லாப் போகுதுங்க" என்பேன், அப்படியே தேன் ஒழுக. அந்தக் குரல் எனக்கே புதிது. உப்பில்லாத மீன் குழம்பை ஊற்றி, "இன்னும் கொஞ்சம் விடட்டுமாங்க?" என்று கேட்பேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். அத்தா பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்காராத மகன், அவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தான். அவர் முகம் நாளுக்கு நாள் வாடிப்போனது.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? கத்தித் தீர்க்க வேண்டியதையெல்லாம் உள்ளே போட்டு மூடினால் உடம்பு சும்மா விடுமா? பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சாப்பிட்டது செரிக்கவில்லை. தலை வாரினால் முடி கையோடு வந்தது. எல்லாம் வாயு என்று ஓமத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். இவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முன்னைவிட ஏறியிருந்தது. மனசில் ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று கேட்டார்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார், மலையாளத்தில், ரொம்ப மெதுவாக. வீட்டில் எல்லாரும் மறைக்கிறார்கள், நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள், நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்று.

எனக்கு வந்ததே கோபம். "என்ன பேச்சுப் பேசுறீங்க? குடோன் ஓடு விழுந்து சுக்கெல்லாம் நனைஞ்சு பூசணம் பிடிச்சுக் கிடக்கு. சொன்னா உங்களுக்குப் பிரஷர் ஏறுமேன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா, நீங்க சாகவே கிளம்பிட்டீங்களா? அறிவு வேண்டாம்?"

வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"சுக்கா?" என்றார் இவர். "வெறும் சுக்குதானா?" கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும், "மழைக்கு முன்னாடியே ஓட்டை மாத்தச் சொன்னேனா இல்லையா? காதுல வாங்கினியா நீ?" என்று பழைய குரலில் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார். நாங்கள் ஓய்ந்ததும் மறுபடி பட்டையைச் சுற்றினார். நன்றாகவே இறங்கியிருந்தது.

அப்புறம் என் முகத்தைப் பார்த்தவர், நீங்களும் கையை நீட்டுங்கள் சேச்சி என்றார். எனக்குப் பிரஷர் இவரைவிட அதிகம்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். எனக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது. எதையும் உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தாரே, சொல்லிவிட்டேன்.

"நீங்க மத்தியானம் படுத்தா எனக்கு அடுப்படியில இருப்புக் கொள்ளாது. பூனை மாதிரி வந்து உங்க மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாத்துட்டுத்தான் போவேன். நெஞ்சு அப்படியே அடிச்சுக்கும்."

மழைச் சாரல் என்மேல் படாமல் அவர் ஆட்டோவின் படுதாவை இழுத்துவிட்டார்.

"தெரியும்" என்றார். "நான் எங்க தூங்கினேன்? நீ வர்ற சத்தம் கேட்டதும், பயந்துடப் போறியேன்னு மூச்சைக் கொஞ்சம் பலமா விடுவேன்."