அம்ஹாவுக்கு எழுத இருந்த வளவு

பகலில் படுத்த பாயைக் கமீலா சுருட்டி அரிசி வாளிக்குப் பின்னால் செருகினாள். பாயை எடுத்தால்தான் அடுப்படியில் குந்த இடம் கிடைக்கும். மூத்தவள் றுமைஸாவின் கல்யாணத்தோடு வீடு அவள் பெயருக்குப் போக, பெற்றவர்கள் பின்னால் தனியே இருந்த சமையல்கட்டுக்கு, அந்தக் குசினிக்கு, வந்தார்கள். சாய்ந்தமருதில் அதுதான் வழமை.

இளையவள் அம்ஹா அந்தக் குசினியிலிருந்துதான் பல்கலைக்கழகம் போனாள். முதலில் புவியியல்தான் படித்தாள். அந்த ஆண்டு மாரி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் சோற்றுக்குப் பிறகு, குசினிக்குள் வெள்ளம் ஏறியது. றுமைஸாவின் முன்வீட்டுக் கதவைத் தட்டப்போன அம்ஹாவின் கையை உம்மா கமீலா பிடித்துக்கொண்டாள்.

"மருமகன் தூங்குறாரு. தட்டாத."

மழை விடும்வரை மூவரும் மேசைமேல் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அம்ஹா சமூகவியலுக்கு மாறினாள். இப்போது இறுதியாண்டு ஆய்வு, மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோரைப் பற்றியது. அதையே மேற்கொண்டும் படிக்க நினைத்திருக்கிறாள்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மிஞ்சிய பின்வளவுக் காணியைக் குசினியோடு அவளுக்கு எழுதுவதாக வாப்பா முத்தலிப் வாக்குக் கொடுக்கப்போகிறார்.

"எனக்கு எழுத வேணா வாப்பா."

"வளவில்லாம உன்ன ஆரு கேப்பான் மகள்?" சேட்டுப் பொத்தானைப் பூட்டியபடி முத்தலிப் கேட்டார். முன்வீட்டில் மருமகன் இருந்ததால் எல்லோருமே மெல்லத்தான் கதைத்தார்கள்.

"கேக்காட்டிப் போகட்டும். நான் மேல படிக்கப் போறன்."

"கல்யாணம் முடிச்சிட்டுப் படி. ஆரு வேணாண்ட?"

"படிக்கப் போனவ படிச்சிட்டு வரணும்," கமீலா அடுப்பை ஊதினாள். "இவ எங்கட குசினியயும் தூக்கிட்டுப் போய் கெம்பஸ்ல காட்டிட்டு வாறா."

"நான் பேர் சொல்லல்லியே உம்மா."

"சொல்லாட்டி? ஊருக்கு எங்கட குசினி தெரியாதாக்கும்."

"ராத்தாக்குக் குடுத்திட்டு உனக்குக் குடுக்காட்டி," என்றார் முத்தலிப், "என்னய ஒரு வாப்பாண்டு ஆரும் மதிப்பானா?"

"நீங்க வாக்குக் குடுத்தா, அவங்கட முன்னுக்கே நான் வேணாண்டு சொல்லுவன்."

கமீலா ஊதுவதை நிறுத்தினாள்.

"சொல்லுவியா?" என்றார் முத்தலிப்.

"ஓம் வாப்பா." அம்ஹா சொன்னாள். "இதையும் எனக்குத் தந்திட்டு நீங்களும் உம்மாவும் எங்க படுப்பீங்க?"

முத்தலிப் ஆணியிலிருந்த தொப்பியை எடுத்தார். கமீலாவைப் பார்த்தார், அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலுக்கு முன்வீட்டு வழியாகப் போவதுதான் கிட்ட. அவரோ பின்கதவைத் திறந்து, வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.