வால் கேட்ட வாம்பட்

வார்விக் ஹன்னாஃபோர்ட் இருபத்தாறு வருஷமாகப் பால் லாரி ஓட்டுகிறவர். ஆறடி மூன்றங்குல உயரம். வாலிபத்தில் ஊர்க் கால்பந்து அணியில் எதிராளிகளை இடித்துத் தள்ளுவதற்கென்றே அவரை இறக்குவார்கள். அப்படிப்பட்டவருக்குக் குழந்தைகளுக்கான கோணங்கிப் பாட்டுகள் என்றால் உயிர். நூலகத்தில் அந்தப் புத்தகங்களை எடுக்கும்போதெல்லாம் "பேத்திக்கு" என்பார். அவருக்குப் பேத்தி கிடையாது.

அவரே எழுதவும் செய்தார். ஒவ்வொரு பண்ணையிலும் பால் குழாய் வழியாக லாரிக்கு ஏறி முடிய இருபது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கிறுக்குவார். யாராவது வந்தால் நோட்டை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார்.

ஊர் மண்டபத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, சாசேஜும் முட்டையும் சாப்பிட்டபடி கவிதை வாசிப்பார்கள். வறட்சி, வெள்ளம், செத்துப்போன நாய் என்று எல்லாம் கனமான விஷயங்கள். வார்விக் தவறாமல் போவார். கேட்டால் சாசேஜுக்காக என்பார். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். மேடையேறக் கூச்சப்படுகிறவர்கள் தங்கள் கவிதையை அதில் போடலாம். மார்ச் மாதம், யாரும் பார்க்காத சமயத்தில், தட்டச்சு செய்த ஒரு தாளைப் பெயர் போடாமல் அதில் போட்டார்.

மாவிஸ் டெல்பிரிட்ஜ்தான் பெட்டியைத் திறந்து வாசிப்பவள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள்:

"வாம்பட் ஒன்று தையல்கடை போச்சு,
வாலொன்று தைத்துத் தரச் சொல்லியாச்சு.
'எவ்வளவு நீளம்?' என்றார் தையல்காரர்.
'எட்டிப் பார்த்தால் தெரியணும் சார்!'"

வால் இருப்பதே கண்ணுக்குத் தெரியாத, கரடிக்குட்டி போன்ற அந்த வளைவிலங்கைப் பற்றி இன்னும் மூன்று கண்ணிகள் இருந்தன. மண்டபமே குலுங்கியது. ஒருவருக்குத் தேநீர் புரையேறியது. வார்விக்கின் எதிரே உட்கார்ந்திருந்த நண்பன் நெவில் அவரையே பார்த்தான்.

"டேய் வார்விக், என்னடா பீட்ரூட் மாதிரி செவந்துட்ட? உன் கைவேலையா?"

"நானா?" வார்விக்கின் குரல் தேவைக்கு மேல் ஓங்கியது. "மூளை கழண்டவன் எவனோ எழுதியிருக்கான். வளர்ந்த ஆளுங்க கேக்குற விஷயமா இது? எழுதினவனுக்கு வெக்கமா இல்ல?"

சிரிப்பு நின்றது. மாவிஸ் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாவிஸின் பண்ணையில் பால் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் லாரியருகே வந்தாள். அவள் கணவர் கோலின் பக்கவாதம் வந்து ஏழு மாதமாக நாற்காலியில் இருக்கிறார். வாயிலிருந்து வார்த்தை சரியாக வருவதில்லை.

"அந்த வாம்பட் பாட்டை அவருக்குப் படிச்சுக் காட்டினேன் வார்விக். சிரிச்சாரு. ஏழு மாசத்துல முதல் தடவை. 'திரும்ப'ன்னு சொன்னாரு, தெளிவா."

வார்விக் ஏறும் பாலை அளக்கும் மானியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எழுதினவங்களுக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சேன். அந்த ஆளு அன்னிக்கு அங்கதானே உக்காந்திருந்திருக்கணும்? நீ பேசினதுக்கப்புறம் இனிமே எழுதுவாங்களா? பாவம்டா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரி, நேரமாச்சு" என்று குழாயைச் சுருட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த பண்ணைக்குப் போகும் வழியெல்லாம் உடம்பு கூசியது. மண்டபத்தில் பேசியதாவது பயத்தில் வாய் தவறி வந்தது. இப்போது ஊமையாக நின்றது நிதானமாகச் செய்தது. அதுதான் அதிகமாகக் குத்தியது. அந்தக் குறுகலான சாலையில் பால் லாரியைத் திருப்புவது லேசான வேலை இல்லை. வேலியோரம் முன்னும் பின்னுமாக ஒன்பது முறை நகர்த்தித் திருப்பினார்.

மாவிஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது நான்தான் மாவிஸ்."

"எது?"

"வாம்பட்."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "அப்போ அன்னிக்கு உன்னை நீயே திட்டிக்கிட்டியா?"

"ஆமா."

"ஏன்டா?"

அவர் பூட்ஸைப் பார்த்தபடி நின்றார்.

"கொஞ்சம் முன்னாடி நான் அவ்வளவு சொல்லியும் வாயத் தொறக்கலையே. எனக்கு அதுதான் கோவம்," என்றாள் மாவிஸ். "உள்ள வா. நீயே படிச்சுக் காட்டு."

கோலின் ஜன்னலோரம் இருந்தார். வார்விக் தாளை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். குரல் தடதடவென்று ஓடியது, சீக்கிரம் முடித்துவிட்டால் போதுமென்று. கோலின் நாற்காலிக் கையைத் தட்டினார்.

"மெ... மெதுவா."

மறுபடி முதலிலிருந்து படித்தார். தையல்காரரின் கேள்வியைப் படித்ததும், அடுத்த வரிக்கு வார்விக் வாய் திறக்கும் முன் கோலினின் கோணிய வாயிலிருந்து "எட்டிப் பார்த்தா" என்று வந்தது. பிறகு அவர் தோள் குலுங்கச் சிரித்தார். வார்விக்குக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை மண்டபத்தில், மாவிஸ் கேட்டுக்கொள்ளாமலே வார்விக் எழுந்து நின்றார். "போன மாசம் வால் கேட்ட பாட்டு என்னோடது. அன்னிக்கு நான் பேசினது தப்பு." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். காது மடல்வரை சூடு. ஒருவர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"வேற ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கியாடா?" என்றான் நெவில்.

"இல்ல," என்றார் வார்விக்.

திங்கட்கிழமைதோறும் அவர் கோலினுக்குப் புதிதாக ஒன்று எழுதிவந்து படித்துக்காட்டுவது மாவிஸுக்குத் தெரியும். அவரைக் காட்டிக்கொடுக்காமல் அவள் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள்.