மிச்சமிருந்த எண்பது இழுப்பு

பயிற்சியாளர் சிவபாண்டி வில்லைப் பட்டறைப் பலகைமேல் வீசாத குறையாகப் போட்டார்.

"என்னக்கா, வாங்கிட்டுப் போயி ரெண்டு வாரங்கூட ஆகல. பல்லக் காட்டுது பாருங்க."

வில்லின் மேல்பாதியில், வெளிப்பக்கம், நான்கு விரல் நீளத்துக்கு ஒரு சிலாம்பு எழும்பி நின்றது. முனீஸ்வரி அதைத் தொடக்கூட இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற முத்துமீனாவைப் பார்த்தாள்.

"அம்பு இல்லாம வெறும் நாண இழுத்து விட்டுருக்கா. வேற எதுலயும் என் வில்லு இப்படித் தெறிக்காது."

"நான் விடலக்கா."

"பின்ன, வில்லு தானா தும்முச்சாக்கும்?"

"நீங்க பாத்தீங்களா?"

"மரத்தப் பாத்தேன். அது போதும்."

சிவபாண்டி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் வில் பயிற்சி கொடுப்பவர். வெறும் நாணை விடுகிறவர்களை அணியில் வைத்துக்கொள்ள மாட்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழம மாவட்டத் தேர்வுக்கு இவ வரல. சனிக்கிழமைக்குள்ள ஒட்டிக் குடுங்க, வேற புள்ளைக்குக் குடுத்துக்கிறேன்" என்றார்.

அந்தத் தேர்வுக்காகவே எழுமலையிலிருந்து வந்து இரண்டு வருடமாக விடுதியில் தங்கியிருப்பவள் முத்துமீனா. அவள் அழவில்லை. வாசலில் நின்று, "செஞ்சது நொள்ள வில்லு. பழி மட்டும் எனக்கு" என்றாள்.

"போடி" என்றாள் முனீஸ்வரி.

கொட்டாம்பட்டியில் திருச்சி சாலையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவள் பட்டறை. அவள் அப்பா மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் காம்பு போட்டவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊரார் நிலத்தைக் கொத்திய காம்பெல்லாம் அவர் இழைத்தவை. வில் அவருக்குத் தெரியாது. பதினாறு வருடங்களுக்கு முன்பு ஒரு விளையாட்டு ஆசிரியர் வந்து கேட்டபோது, கோடாலிக் காம்புக்குப் போடும் தடசு மரத்தை முனீஸ்வரியே இழைத்து வளைத்துப் பார்த்தாள். முதல் பதினோரு வில்லும் முறிந்தன. முறிந்ததெல்லாம் இன்னும் மூலையில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் முறிந்த காரணத்தைக் கரியால் எழுதியிருக்கிறாள்: கணு, ஈரம், சுழி.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் சட்டங்களை அவளே போட்டுக்கொண்டாள். இழைத்து முடித்த வில்லை இருநூறு தடவை இழுத்து இறக்க வேண்டும். இருபதுக்கு ஒரு முறை வில்லின் வெளிமுதுகைக் கட்டைவிரலால் தடவி விரிசல் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் எந்த வில்லும் பட்டறையை விட்டுப் போகாது. இதைச் சொல்லிச் சொல்லியே வாங்க வருகிறவர்களை அதட்டுவாள். ஊரில் யாருக்கும் அவளைப் பிடிக்காது. வில்லுக்கு மட்டும் அவளிடம்தான் வருவார்கள்.

மறுநாள் காலை சிலாம்பை மெல்லிய தகட்டால் லேசாக நெம்பினாள். பசை விடுவதற்கு முன் உள்ளே தூசி இருக்கக் கூடாது. தகட்டின் நுனியில் மஞ்சளாய்ப் பொடி வந்தது. மரத்தூள் என்று ஊதப் போனவள் நின்றாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலில் குழைத்து முகர்ந்தாள்.

சந்தனம்.

இந்த வில்லுக்குச் சந்தனம் வைத்தது அவள்தான், ஆயுதபூஜை அன்று. வில் மைதானத்துக்குப் போனது மறுநாள். சந்தனம் உள்ளே இறங்கியிருக்கிறது என்றால், வைக்கும்போதே விரிசல் இருந்திருக்கிறது.

அன்றைக்கு நூற்று இருபது இழுப்பு முடிந்திருந்தது. கடைசியாகத் தடவியபோது விரலில் ஒன்றும் தட்டவில்லை. வாழை இலை போட்டாயிற்று, நல்ல நேரம் போகிறது என்று உளிகளோடு அதையும் கழுவித் துடைத்துச் சந்தனம் பூசிப் படுக்க வைத்தாள். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுபூஜை ஆகும்வரை எடுக்கக் கூடாது. மறுநாள் காலை சூடம் காட்டி முடிக்கவும் சிவபாண்டியின் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மிச்சம் எண்பது அப்படியே நின்றுவிட்டது.

ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. மேலே சுற்றும் நூல் மறைத்துவிடும்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். விரிசலைச் சுத்தம் செய்து, பசையை உள்வரை இறக்கி, சைக்கிள் டியூப்பை நாடாவாகக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. பிறகு சீவிச் சமப்படுத்தி, மதுரை நெசவுக்காரர் வீட்டில் வாங்கிய பட்டு இழையைப் பசையில் தோய்த்து, இழையோடு இழை ஒட்டி ஆறு விரல் அகலத்துக்குச் சுற்றினாள். சுற்றிய பாதி விறைத்துப்போகும் என்பதால் அதன் உட்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, இரண்டு பாதியும் ஒன்றுபோல வளையும்வரை விடவில்லை. காய்ந்ததும் இருநூறு இழுத்தாள்.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி மைதானத்துக்குப் போனாள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முத்துமீனா ஓரமாக மற்றவர்களின் அம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, விரிசல் எங்கிட்டயே இருந்துருக்கு. அந்தப் புள்ள வெறும் நாண விடல" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். சந்தனத்தையும், இழுக்காமல் விட்ட எண்பதையும் சொன்னாள்.

சிவபாண்டிக்கு முகம் கறுத்தது. "இம்புட்டு லேசாச் சொல்றீங்க? நாலு நாளா அவள நடுவுல நிக்க வச்சுப் பேசிருக்கேன்."

"உன்னய யாரு பேசச் சொன்னது?"

"நீங்கதாங்க்கா!"

முனீஸ்வரி வில்லை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"உங்ககிட்ட வாங்குன மத்த பன்னெண்டு வில்ல என்ன பண்ண? அடுப்புல வைக்கவா?"

"அதெல்லாம் இருநூறு இழுத்தது."

"இனிமே அத யாரு நம்புறது?" என்றவர், முத்துமீனா பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு நீ வா" என்றார்.

முத்துமீனா வந்து வில்லை வாங்கினாள். பட்டுச் சுற்றை நகத்தால் கீறிப் பார்த்தாள். முனீஸ்வரியிடமே திருப்பி நீட்டினாள்.

"அந்த எண்பத இங்க இழுங்க. என் கண்ணு முன்னால."

"நேத்தே இருநூறு இழுத்துட்டேன்டி."

"நான் பாக்கலயே."

மைதானத்தில் யாரோ சிரித்தார்கள். முனீஸ்வரி அந்தப் பக்கம் முறைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, காலை அகட்டி நின்று நாணை இழுத்தாள். முத்துமீனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பட்டுச் சுற்றையே பார்த்துக்கொண்டு உரக்க எண்ணினாள். முப்பதில் முனீஸ்வரியின் தோள் நடுங்கத் தொடங்கியது.

"போதும் விடு புள்ள, நேரமாகுது" என்றார் சிவபாண்டி.

"எண்பது வரட்டும் சார்" என்றாள் முத்துமீனா. "முப்பத்தொண்ணு."

முனீஸ்வரி மறுபடி இழுத்தாள். நாணை விட்டுவிடாமல், மெல்ல மெல்லத் திருப்பி இறக்கினாள்.

"முப்பத்திரெண்டு."