மகளை அண்ணியிடம் பழக்கிய நாட்கள்

ஆஸ்திரியாவில் நடக்கும் கோடைக்கால வயலின் வகுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தபோது என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருக்கவில்லை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் அங்கேயே தங்க வேண்டும். செலவு முழுவதும் அவர்களுடையது. எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில்தான் விண்ணப்பித்திருந்தேன். கிடைத்ததும் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். வீடு மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கமும் பெரியவர்கள் யாரும் இல்லை. அவர்தான் யோசனை சொன்னார்.

“நீ போய்ட்டு வா. பாப்பாவ எங்க அக்கா பாத்துக்கும்.”

அவருடைய அக்கா, என் அண்ணி, மணலூர்பேட்டையில் தனியாக இருந்தார். கட்டட வேலைக்காகப் பெங்களூரில் தங்கியிருந்த அவர் கணவர், பண்டிகைக்குத்தான் ஊருக்கு வருவார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அண்ணிக்குக் குழந்தை இல்லை. கேட்டதும் மறுபேச்சு பேசவில்லை. கறவை மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஏப்ரல் கடைசியிலேயே ஒரு பையோடு வந்து இறங்கினார்.

எனக்கு வேறு ஒரு கஷ்டமும் இருந்தது. நான் தரையில் சப்பணமிட்டு, வயலினின் தலையைக் காலில் சாய்த்து வாசித்துப் பழகியவள். அங்கே நின்றுகொண்டு, தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கி வாசிக்க வேண்டும். செல்போனில் பாடம் பார்த்துப் பழகினேன். கழுத்து வலித்தது, தாடைக்குக் கீழே தோல் கன்றிப்போனது. மகள் வேறு காலைக் கட்டிக்கொண்டு வில்லைப் பிடித்து இழுப்பாள். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் வாசிக்க முடியவில்லை.

என்னோடு இசைக் கல்லூரியில் படித்த ஒருத்தி, கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியை. “லீவுல குவார்ட்டர்ஸ் காலியாத்தான் கிடக்கு. ஒரு வாரம் வந்து வாசிச்சிக்கினு இரு” என்றாள்.

“போ. நீ இல்லாம பாப்பா எப்டி இருக்குதுன்னும் தெரிஞ்சிடும்” என்றார் வீட்டுக்காரர்.

மே மாதத்தில் வெள்ளிமலைக்குக் கிளம்பினேன். மகள் தூங்கும்போது போய்விடலாம் என்று நான் சொன்னதற்கு அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. “சொல்லிட்டுப் போம்மா. எழுந்து தேடிச்சின்னா நான் இன்னா சொல்றது?” சொல்லிவிட்டுத்தான் போனேன். மகள் தெருமுனை வரைக்கும் அழுதது கேட்டது.

மலையில் சாயங்காலம் ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். ஈரக்காற்றில் தந்திகள் இறங்கிப்போகும். சுதி சேர்த்துச் சேர்த்து வாசித்தேன். வாசிப்பு நன்றாகவே வந்தது. மகளை மறந்து ஒரு பகல் முழுக்க வாசித்திருக்கிறேன் என்று ஒருநாள் சட்டென்று உறைத்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ரோட்டோரமாக நடந்துபோய் வீட்டுக்குப் பேசினேன். மகள் ஏதோ விளையாட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தாடா, அம்மா பேசுறாங்க” என்றார் அண்ணி.

“வேணாம்” என்று மட்டும் கேட்டது.

திரும்பி வந்த அன்று மகள் வாசலில் அண்ணியின் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “நீ போ” என்றாள். சாப்பிடவும் என்னிடம் வரவில்லை. தூங்கவும் அண்ணியிடம்தான் போனாள்.

மறுநாள் சமையலறையில் வீட்டுக்காரரிடம், நான் ஆஸ்திரியாவுக்குப் போகவில்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அழுதா, புள்ள அழுவுதுன்ற. அழலன்னா அதுக்கு நீ அழுவுற. நான் இன்னாதான் பண்றது?”

“ரெண்டு மாசத்துல அவங்களத்தாங்க அம்மான்னு கூப்பிடுவா. எனக்குப் பயமா இருக்கு.”

அண்ணி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஈரக் கையோடு உள்ளே வந்தார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அம்மான்னு கூப்ட வுடமாட்டேன். அத்தைன்னுதான் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன்” என்றார். “நீ வந்து எறங்குனதும் அது என்ன வுட்டுட்டு ஒங்கிட்ட ஓடிடும். அப்பறம் நான் அங்க போயி தனியா குந்திக்கினு இருக்கணும். அது தெரிஞ்சிதாம்மா வந்தேன்” என்றார்.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணி பின்கட்டுக்குத் திரும்ப, நானும் பின்னாலேயே போய்க் கூடையில் மிச்சம் இருந்த துணிகளை எடுத்தேன். இரண்டு பேருமாகக் கொடியில் போட்டோம். அதற்குப் பிறகு நான் போகவில்லை என்று சொல்லவே இல்லை. நாலைந்து நாளில் மகள் தானாக என் மடிக்கு வந்தாள். ஆனால் எந்த நேரமும் ஒரு கண் அண்ணி மேலேயே இருந்தது.

ஜூன் கடைசியில் கிளம்பினேன். சென்னை பஸ் ஏறும்போது மகள் அழவில்லை. அண்ணி சொல்லிக்கொடுத்தபடி கையை ஆட்டினாள். திண்டிவனம் வரைக்கும் நான்தான் அழுதுகொண்டு போனேன்.

அங்கே வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. ஆனால் வீடியோ காலில் மகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி ஃபோனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். அவருடைய வளையல் கை மட்டும் தெரியும். நான்தான் அவரை அப்படி ஒதுங்க வைத்துவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நான் திரும்பியதும் எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. மகள் முதல் நாள் முறைத்தாள். இரண்டாம் நாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அண்ணியை இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொன்னேன். மாட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மகள் எழுந்திருக்கும் முன்பே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். சொல்லிவிட்டுப் போகச் சொல்லி அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

எழுந்ததும் மகள் வீடு முழுக்க அத்தையைத் தேடினாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்று பகலே அவளைத் தூக்கிக்கொண்டு மணலூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.